பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம், பட்டறைக்கு?

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று கேட்பார்கள். பூவின் மணமே ஆளைக் கூட்டி வந்துவிடும்.

ஆனால் போல்ட்டுக்கு மணம் இல்லை. பல் சக்கரத்துக்கும் மணம் இல்லை. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும், அது அடுத்த தெருவுக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பட்டறை தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டுமா? எப்படிச் சொல்வது? எவ்வளவு சொல்வது? சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சிறு தொழில் நடத்தும் குடும்பங்களுக்கு, இன்று இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

அன்று இருந்த நிலை

1949-ம் ஆண்டில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி, அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1964-ம் ஆண்டில் அரசாங்கம் அங்கே தொழிற்பேட்டையை ஏற்படுத்தியது. பக்கத்து ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலை வந்தது.

பெரிய ஆலைக்கு உதிரிப் பாகம் வேண்டும். சிறு பட்டறை அதைச் செய்து கொடுக்கும். மாதா மாதம் ஆர்டர் வரும். "இன்ன கம்பெனிக்கு வேலை செய்கிறோம்" என்று சொன்னால் போதும். பெண் கொடுப்பவர்கூட மறு கேள்வி கேட்கமாட்டார்!

அப்படிப்பட்ட பட்டறைக்கு விளம்பரம் தேவைப்படவில்லை.

ஒற்றைத் தூண்

ஆனால் ஒற்றைத் தூணில் நிற்கும் வீட்டுக்கு ஆபத்து உண்டு.

2019-ம் ஆண்டில் நாடு முழுவதும் வாகன விற்பனை சரிந்தது. பெரிய ஆலைகள் சில நாட்கள் வேலையை நிறுத்தின. அம்பத்தூர் பட்டறைகளில் ஷிப்டு குறைந்தது.

2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக போர்டு கம்பெனி அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. மறுபடி வரப் போவதாக 2024-ல் அந்தக் கம்பெனி சொன்னது. ஆனால் நடுவில் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அதையே நம்பிய பட்டறைக்காரர் அதுவரை என்ன செய்வார்?

ஆகவே, புதிய வாடிக்கைக்காரர்களுக்கு நம் பெயர் தெரிந்திருக்க வேண்டும். இதில் சந்தேகம் இல்லை.

ஏழரை நாள் கணக்கு

"தினம் ஒரு வீடியோ போடுங்கள். ஆர்டர் குவியும்!" என்று இன்று பலர் யோசனை சொல்கிறார்கள். முதலாளியும் செல்போனைத் தூக்குகிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீடியோவை எடுத்து, வெட்டி, ஒட்டி, வெளியிட இரண்டு மணி நேரம் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 60 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டு என்றால் ஏழரை நாள் வேலை!

நாலு பேர் வேலை செய்யும் பட்டறையில் ஏழரை நாளுக்கு எங்கே போவது? முதல் மாதம் உற்சாகம். இரண்டாம் மாதம் அலுப்பு. மூன்றாம் மாதம் நின்றுவிடும். "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று கையை உதறிவிடுவார்கள்.

ஆகாதது விளம்பரம் அல்ல. அளவு மீறிய வேகம்.

சொல்லிக் கொடுத்தவர்கள் வென்றார்கள்

நீடித்து நின்றவர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் ஜான் டீர் என்ற உழவுக் கருவி கம்பெனி, 1895-ம் ஆண்டில் "பர்ரோ" என்ற பத்திரிகையைத் தொடங்கியது. "பர்ரோ" என்றால் உழவு சால். கலப்பையை வாங்கு என்று கூவுவதோடு நிற்காமல், விவசாயம் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பத்திரிகை இன்றும் வருகிறது.

பிரான்சில் மிஷ்லின் டயர் கம்பெனி, 1900-ம் ஆண்டில் ஒரு கையேடு வெளியிட்டது. அந்த நாட்டில் அப்போது மூவாயிரம் கார்கூட இல்லை. டயரை எப்படி மாற்றுவது, வழியில் எங்கே தங்குவது என்றெல்லாம் அதில் இருந்தது. புத்தகத்தைப் பார்த்தவர் பயணம் போனார். பயணம் போனால் டயர் தேயும். தேய்ந்தால் வாங்கத்தானே வேண்டும்!

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. கடலூரில் 1983-ம் ஆண்டில் சி.கே.ரங்கநாதன், 15 ஆயிரம் ரூபாய் முதலில் "சிக்" ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். கிராமங்களில் பலருக்கு ஷாம்புவைப் பயன்படுத்தத் தெரியாது. ஒரு பையனை உட்கார வைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். கூடி நின்றவர்களைத் தலைமுடியை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். தொழில் வளர்ந்தது.

மூன்றிலும் ஒரே சூத்திரம்தான். வாங்குபவருக்குப் பயன்படும் ஒன்றை முதலில் கொடுத்தார்கள். பொருள் பின்னால் விற்றது.

இரவல் நிலம்

இன்னொரு எச்சரிக்கை. 2020 ஜூன் 29-ந் தேதி, மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்து ரசித்த பக்கங்கள் மூடப்பட்டன. அதையே நம்பி வியாபாரம் செய்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

இரவல் நிலத்தில் பயிர் செய்யலாம். வீடு கட்டக் கூடாது. வாடிக்கைக்காரரின் பெயரும் போன் நம்பரும் உங்கள் கணக்கு நோட்டில் இருக்க வேண்டும்.

இப்போது கம்ப்யூட்டரிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் நூறு கட்டுரை எழுதித் தருகிறது. அதை அப்படியே கொட்டலாமா? கூடாது. பயன் இல்லாத கட்டுரைகளை மொத்தமாகக் கொட்டுவது மோசடி வேலை என்று 2024 மார்ச்சில் கூகுள் கம்பெனி விதி செய்தது. அப்படிப்பட்டவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிடும். தேடுகிறவர் கண்ணில் படாது.

பொய்யும் ஆகாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை!

என்ன செய்யலாம்?

ஒரு நோட்டு வாங்குங்கள். வாடிக்கைக்காரர் கேட்கும் கேள்விகளை அதில் எழுதுங்கள். "எந்த இரும்பு துருப்பிடிக்காது?" "இந்த அளவுக்கு எத்தனை நாள் ஆகும்?" ஆவடியில் ஊறுகாய் போட்டு விற்கும் அம்மாளிடம் "எத்தனை மாதம் கெடாது?" என்பார்கள். பூந்தமல்லி மாவு மில்காரரிடம் "கேழ்வரகை முளைகட்டி அரைக்கலாமா?" என்பார்கள்.

வாரம் ஒரு கேள்வி, ஒரு பதில். ஆண்டுக்கு 52 ஆகிவிடும். இருபது வருஷம் லேத் ஓட்டியவர் பதில் சொல்லட்டும். வீட்டில் படித்த பிள்ளை எழுதட்டும். முதலாளி சரி பார்க்கட்டும். வேலை பங்கிடப்பட்டால் ஒருவருக்கும் பாரம் இல்லை.

ஒரே பதிலைப் பல விதமாகப் பயன்படுத்தலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். சின்ன வீடியோ ஆக்கலாம். பில்லின் பின்பக்கம் அச்சடிக்கலாம். கண்காட்சிக்குப் போனால் துண்டுத் தாளாகக் கொடுக்கலாம்.

புதிதாக வருபவரிடம், "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் தவறாமல் நடந்த பிறகு, ஆள் வரவழைத்த வழியை மட்டும் பெரிதாக்குங்கள். மற்றதை விட்டுவிடுங்கள்.

ஆர்டர் நிறைய வந்தால் செய்து கொடுக்க ஆள் இருக்கிறதா, எந்திரம் இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். சொன்ன தேதிக்குச் சரக்கு போகாவிட்டால், ஐம்பத்திரண்டு வாரம் சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விடும்!