0.1தானே, விட்டுடு மச்சி!

லேப்ல நம்ம பி.எச். மீட்டர் 8.1 காட்டும். பக்கத்து டேபிள்ல 8.2. "0.1தானே, விட்டுடு மச்சி"ன்னு ரெக்கார்டில் ஒரே அளவை எழுதிவிட்டு கேண்டீனுக்குக் கிளம்பிவிடுவோம். நானும் அப்படித்தான்.

தொழிற்புரட்சிக்குப் பிறகு உலகக் கடல்களின் மேற்பரப்பு நீரில் பி.எச். குறைந்திருப்பதும் சுமார் அதே 0.1தான். ஆனால் பி.எச். மடக்கை அளவு. கால்குலேட்டரில் 10 பவர் 0.1 போட்டுப் பாருங்கள்: 1.26. அதாவது ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன. நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அது நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது.

"கார்பன் டை ஆக்சைடு செடிக்குச் சாப்பாடுதானே, கடல்ல மிதக்குற நுண்பாசிக்கும் நல்லதுதானே?" என்று கேட்கலாம். பாதி உண்மை. சில இனங்கள் செழிக்கும். சுண்ணாம்பு ஓடு கட்டும் காக்கோலித்தோபோர்களுக்கோ ஓட்டுக்கான கார்பனேட் குறையும். எது வளர்கிறது என்பது மாறினால், அதைத் தின்று வளர்வதும் மாறும். காசிமேட்டில் ஏலம் போகும் மீனின் உணவுச் சங்கிலி இந்த நுண்பாசியில்தான் தொடங்குகிறது. பூமியில் உருவாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதியும் இவற்றின் உபயம்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. கறுப்பாகத் தெரிந்ததால் கேமராக்கள் வந்தன. புகைபோக்கி வழியே போகும் கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமே இல்லை, யாரும் வரவில்லை. 2024 மார்ச்சில் வடசென்னை அனல் மின் நிலையத்தில் இன்னொரு 800 மெகாவாட் அலகு திறக்கப்பட்டது. அந்த மின்சாரம் நமக்கும் வேண்டும்தான். நம்மில் சிலர் நாளை அங்கேயே வேலைக்கும் போவோம். அதனால்தான் இது நம்ம பிரச்சினை என்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். எண்ணூர் முகத்துவாரத்தில் பி.எச். அளப்பதை நம் கல்லூரி ஒரு தொடர் ப்ராஜெக்டாக எடுக்கட்டும். அங்கே அலை ஏற்றம், ஆற்று நீர், ஆலைக்கழிவு எல்லாம் கலந்து ஒரே நாளில் அளவு மாறும். ஒருநாள் சாம்பிள் எடுத்து செல்ஃபி போட்டால் எதுவும் தெரியாது. கவனமாக கேலிப்ரேட் செய்து, ஒவ்வொரு பேட்சும் அடுத்த பேட்சிடம் ஒப்படைத்து, வருஷக்கணக்கில் அளக்க வேண்டும்.

அதுக்கு முதல் படி, அடுத்த லேப்ல அந்த 0.1ஐ விட்டுடாம இருக்கிறதுதான்.