வருகைப் பதிவேடு யார் கையில்?

அரசு நிதியிலிருந்து கூலி பெறும் உழைப்பாளிக்கு, செய்த வேலை பதிவேட்டில் ஏறினால்தான் கூலி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் உடலுழைப்புக்கான கூலி முழுவதையும் ஒன்றிய அரசே வழங்கிவந்தது. ஆகவே, அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. அக்கணக்கை எழுதும் அதிகாரம் யாரிடம் உள்ளது, பிழை நேர்ந்தால் இழப்பு யாருடையது என்பவையே நம் கேள்விகள்.

2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயன்பெறும் பணிகள் நீங்கலாக அனைத்துப் பணித்தளங்களிலும் என்.எம்.எம்.எஸ். என்னும் கைபேசிச் செயலி வழியாகவே வருகையைப் பதிய வேண்டும். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, இடக்குறிப்புடன் தொழிலாளர்களைப் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும். ஆனால் சட்டமோ, கூலியைச் செய்த வேலையின் அளவோடு இணைக்கிறது. விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் தமக்கு அளந்துவிட்ட மண்ணை வெட்டி முடித்த பெண்ணும் இரண்டாம் படத்துக்காகக் காத்திருக்க நேர்கிறது. வேலையை அளக்க ஒரு கோல், இருப்பை அளக்க இன்னொரு கோல். இரண்டில் எது குறைந்தாலும் வெட்டப்படுவது அவர் கூலியே. அலைவரிசை கிடைக்காத ஏரிக்கரையில் பதிவேற்றம் தடைபட்டால், அவர் உழைத்ததற்குச் சான்று சொல்வது யார்?

முறைகேட்டையேனும் இச்செயலி ஒழித்ததா? தொடர்பற்ற படங்களும், படத்தையே மீண்டும் எடுத்த படங்களும் பதிவேற்றப்படுவதாக 2025 ஜூலை 8 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒப்புக்கொண்டுள்ளது. அதற்கு அது கண்ட தீர்வு, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆட்களே சரிபார்க்க வேண்டும் என்பது. மனிதரை நம்பாமல் கொண்டுவந்த கருவியைக் காக்க, மீண்டும் மனிதரே தேவைப்படுகின்றனர்.

இது தலித் மக்களின் சிக்கல் என்பதற்குக் காரணம் உண்டு. இத்திட்டத்தின் உழைப்பு நாள்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருடையது; பாதிக்கும் மேல் பெண்களுடையது. கணக்கு முறையில் செய்யும் மாற்றம் ஊருக்குள் என்ன விளைவிக்கும் என்பதை 2021இல் கண்டோம். அவ்வாண்டு மார்ச் மாதம், கூலி வழங்கலைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிறர் எனப் பிரிக்குமாறு அமைச்சகம் அறிவுறுத்தியது. ஒரே குளத்தில் ஒன்றாக மண் சுமந்தவர்களுக்கு வெவ்வேறு நாள்களில் கூலி வந்தது. தாமதம் கோப்பில் பிறந்தது. பகை சேரிக்கும் ஊருக்கும் இடையே மூண்டது. எதிர்ப்புக்குப் பின் அம்முறை அதே ஆண்டில் கைவிடப்பட்டது.

சட்டம் ஏற்கெனவே ஒரு வழியைத் தந்திருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, வருகைப் பட்டியல் உள்ளிட்ட ஆவணங்களைச் சமூகத் தணிக்கைக்காகக் கிராம சபையின் முன் வைக்கச் சொல்கிறது. 15 நாள்களுக்குள் கூலி தராவிட்டால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு தரவேண்டும் என்பதும் விதியே. பணித்தளத்திலேயே தாளில் பதிந்து, தொழிலாளி படித்துப் பார்த்துக் கையொப்பமிடும் பட்டியலே முதற்சான்றாக வேண்டும். செயலி பழுதானால் அந்நாள் கூலியை மறுக்கக் கூடாது. உழைத்தவரும் அவருடைய கிராம சபையும் தட்டிக் கேட்க முடிகிற பதிவேடே நேர்மையான பதிவேடு.