படுத்தே கிடந்தால் விண்வெளிக்குப் போன மாதிரிதான்! இதயத்துக்குள் என்ன நடக்கிறது?

சேலையூர், மாடம்பாக்கம், கிழக்கு தாம்பரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு, தலைக்கு மேல் பயிற்சி விமானம் சத்தம் போட்டுக்கொண்டு போவது புதுசே இல்லை. விமானப்படையில் மற்ற விமானிகளுக்குச் சொல்லித்தரும் பயிற்றுநர்கள் தயாராவது தாம்பரத்தில் இருக்கும் பள்ளியில்தான். ககன்யான் திட்டத்துக்காக 2024 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்ட நான்கு வீரர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவரும் ஒரு பயிற்றுநர். அதனால் ககன்யான் நம்ம ஏரியாவுக்குக் கொஞ்சம் சொந்த விஷயம்கூட.

ராக்கெட் எப்போ கிளம்பும், எவ்வளவு செலவு என்றெல்லாம் நிறைய பேசுகிறோம். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் இதயம் என்ன பாடுபடும் என்று அவ்வளவாகப் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சு நேராக நம்ம வீட்டுக் கட்டிலுக்கு வந்துவிடும்.

அந்த நால்வரில் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று கிளம்பி, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 18 நாள் இருந்துவிட்டு ஜூலை 15 அன்று திரும்பினார். வந்த புதிதில் செல்போனே கனமாகத் தெரிந்ததாம். லேப்டாப்பை மூடி, அது மிதக்கும் என்ற நினைப்பில் கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறார். கீழே கார்ப்பெட் இருந்ததால் லேப்டாப் தப்பித்தது. படிக்க சிரிப்பாக இருக்கும். ஆனால், மறுபடி நடக்கப் பழகும் வீடியோவையும் அவரே வெளியிட்டாரே, அதைப் பார்த்தீர்களா? நல்ல உடற்கட்டுள்ள போர் விமானி. 20 நாள் எடை இல்லாமல் இருந்ததற்கே இந்த நிலை.

காரணம் எளிது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. உடனே கழுத்து நாளத்திலும் மகாதமனியிலும் இருக்கும் உணர்விகள் மூளைக்குத் தகவல் சொல்ல, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய்கள் இறுகும். தலைக்கு ரத்தம் குறையாது. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை, நமக்கே தெரியாமல் இந்தப் பயிற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. விண்வெளியில் அது நின்றுபோகிறது. ரத்தம் மேல்நோக்கி ஏறி முகம் உப்பும், கால் மெலியும்.

இதை ஆராய ஆளை மேலே அனுப்ப வேண்டியதில்லை. ஒரு கட்டில் போதும்! தலைப்பக்கத்தை 6 டிகிரி தாழ்த்திப் படுக்க வைத்துவிடுவார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2019-ல் நடந்த ஆய்வில் 60 நாள் இப்படித்தான். சாப்பாடு, குளியல், கழிப்பறை எல்லாம் படுத்தபடியே. ரஷ்யர்களுக்கு இன்னொரு வழி உண்டு: தொட்டித் தண்ணீரின் மேல் நீர் புகாத துணியை விரித்து, அதில் ஆளை மிதக்க விடுவது. பெங்களூரில் இருக்கும் நம் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்திலும் தலையைத் தாழ்த்தும் ஆய்வுகள் செய்திருக்கிறார்கள்.

படுத்தவுடன் நெஞ்சுப் பக்கம் ரத்தம் சேர்கிறது. உடம்பு, ‘தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு’ என்று தப்புக்கணக்கு போடுகிறது. சிறுநீராக அதை வெளியே தள்ளுகிறது. சில நாள்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி 10 முதல் 15 சதவிகிதம் வரை குறைந்துவிடும். வேலை குறைந்த இதயத் தசையும் வாரக்கணக்கில் மெலியத் தொடங்கும். விண்வெளியில் 340 நாள் இருந்த ஸ்காட் கெல்லி, தினமும் உடற்பயிற்சி செய்யாமலா இருந்தார்? வாரத்தில் ஆறு நாள் செய்தார். அப்படியும் இடது கீழறையின் எடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2018-ல் பசிபிக் கடலில் 159 நாள், மணிக்கணக்கில் படுத்தவாக்கில் நீந்திய பென்வா லெகோம்த்துக்கும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் மெலிந்தது. உடற்பயிற்சி ஒரு பக்கம், நிமிர்ந்து நிற்பது இன்னொரு பக்கம். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் நடந்த ஆய்வு. 20 வயது இளைஞர்கள் ஐந்து பேர், 3 வாரம் படுக்கை. எழுந்தபோது, உடல் உச்சபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்திருந்தது. அதே ஐந்து பேரை 30 வருஷம் கழித்து, 50 வயதில் மறுபடி சோதித்தார்கள். 30 வருஷ முதுமை செய்த சேதத்தைவிட, அந்த 3 வாரக் கட்டில் செய்த சேதம் அதிகம்! நல்ல வேளை, பயிற்சி கொடுத்ததும் இளமையில் இழந்தது திரும்பியது.

ரயில் நிலையப் பெயரில் ஒரு கட்டில்

குரோம்பேட்டையைத் தாண்டினால் மின்சார ரயில் நிற்கும் ‘தாம்பரம் சானடோரியம்’ நிலையத்தின் பெயரே ஒரு காலத்து வைத்தியத்தின் மிச்சம்தான். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் இல்லம் அது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மாத்திரை இல்லாத காலத்தில் நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு ஆகியவைதான் காசநோய்க்கு மருந்து. உலகம் முழுக்க நோயாளிகளை மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைவான சாப்பாடு. ஆனாலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 1959-ல் வெளியான இந்த முடிவு, காசநோய் சிகிச்சையையே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த ஆய்வு இதயத்தை அளக்கவில்லை, சரிதான். ஆனால், குணமாக்கியது மருந்து, கட்டில் அல்ல என்பதைச் சொல்லிவிட்டது. மாரடைப்பிலும் இதே கதைதான். வாரக்கணக்கில் அசையக்கூடாது என்றிருந்த காலத்தில், 1952-லேயே இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினார்கள்.

அம்மாவை எழுப்பி உட்கார வையுங்கள்

நம் வீடுகளுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்றே நினைக்கிறேன். வைரஸ் காய்ச்சலோ சின்ன ஆபரேஷனோ முடிந்து பெரியவர் வீட்டுக்கு வந்தால், “நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா, படுங்க” என்பதுதான் பாசம். தட்டு கட்டிலுக்கு வரும், பெட்பேன் வரும். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்க வைத்த ஒரு ஆய்வில் (2007-ல் வெளியானது) கால்களிலிருந்து மட்டும் ஒரு கிலோவை ஒட்டிய தசை போய்விட்டது. ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும் பம்ப்பே அந்தக் கால் தசைதான். ரத்த அளவும் குறைந்து, பம்ப்பும் மெலிந்த நிலையில், பதினோராம் நாள் அவர் பாத்ரூமுக்கு எழுந்தால் கண் இருட்டாமல் என்ன செய்யும்?

ஓ.எம்.ஆரில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும் விண்வெளிதான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. உட்கார்ந்திருக்கும்போது தலைக்கும் இதயத்துக்கும் புவியீர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. அதில் வேறு கெடுதல்கள் உண்டு; இதோடு குழப்ப வேண்டாம். சொல்லப்போனால், படுத்திருக்கும் முதியவருக்கு உட்கார்வதே பாதி சிகிச்சை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ‘ரெஸ்ட் எடுங்க’ என்று டாக்டர் சொன்னால், “எப்போ எழுந்து உட்காரலாம், எப்போ நடக்கலாம்?” என்று கேட்டுவிடுங்கள். எலும்பு முறிவு, முதுகெலும்பு ஆபரேஷன் மாதிரி சிலவற்றில் அசையக்கூடாது என்றால் அசையக்கூடாதுதான். மற்றபடி சாப்பாட்டைக் கட்டிலில் தராமல் நாற்காலியில் உட்கார வைத்துத் தரலாம். எழும்போது காலைத் தொங்கவிட்டு ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு எழட்டும்.

இன்னொன்று. 2019-ல் வெளியான ஆய்வில், 11 விண்வெளி வீரர்களில் 6 பேருக்குக் கழுத்துச் சிரையில் ரத்தம் தேங்கியோ திரும்பியோ ஓடியது; ஒருவருக்குக் கட்டியே இருந்தது. கட்டிலில் கிடப்பவர்களுக்கு அந்தக் கட்டி பெரும்பாலும் காலில் வரும். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கூடவே மூச்சுத்திணறலும் இருந்தால் 108-க்கு போன் போடுங்கள்.