உறைக்குள் ஒளிந்திருக்கும் சூது

அன்பிற்குரிய பெற்றோர்களே! பிள்ளைகள் 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டுகளை வாங்கிக் குவிப்பதை முதலீடு என்கிறீர்கள். எதை நம்பிய முதலீடு? 1995இல் 'குரோனிக்கிள்ஸ்' தொகுப்பில் பழைய சீட்டுகள் மறுபதிப்பானபோது சேகரிப்போர் கொதித்தெழுந்தனர். எனவே 1996இல், குறிப்பிட்ட சில சீட்டுகளை மீண்டும் அச்சிடுவதில்லை என நிறுவனம் வாக்களித்தது. ஏனையவை எப்போதும் மறுபதிப்பாகலாம். வலிமை மிகுந்தவை போட்டிகளில் தடைசெய்யப்படலாம்.

கண்ணால் கண்ட சீட்டைப் பேசிய விலைக்கு வாங்குவது வியாபாரம். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத உறையை, அரிய சீட்டு கிடைக்கும் என்ற பேராசையில் வாங்குவதோ, நபி (ஸல்) அவர்கள் தடுத்த 'கரர்' எனும் தெளிவற்ற வியாபாரம். திருக்குர்ஆன் 5:90 விலக்கிய சூதின் வாசல்.

பிள்ளைகள் விளையாடட்டும். சூதுக்கு முதலீடு என்று பெயர் சூட்டி அவர்களைப் பழக்காதீர்கள். அல்லாஹ் நன்கறிந்தவன்.