மேசைக்கடியில் ஒரு குரல்

கணினியின் இருபுறமும் இரண்டு ஒலிபெருக்கிகள். மேசைக்கடியில் ஒரு 'சப்வூஃபர்' பெட்டி. இப்படி அமைத்திருந்த என் மாணவர் ஒருவர், “பாடம் நடத்துபவரின் குரல் தரையிலிருந்து வருகிறதே, சார்! பெட்டியில் கோளாறா?” என்று கேட்டார். கோளாறு எதுவுமில்லை. பெட்டிக்குப் போகும் அதிர்வெண்ணின் மேல் எல்லையை 200 ஹெர்ட்ஸில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 100 முதல் 150 ஹெர்ட்ஸ். ஆகவே, குரலின் அடிப்பகுதி மேசைக்கடியில் போய்விட்டது! 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிலைமை வேறு. நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலிக்கு அங்கே அலைநீளம் 4.25 மீட்டர். நம் காதுகளுக்கு இடையே ஒரு சாண்கூட இல்லை. அவ்வளவு நீண்ட அலை வரும் திசையைக் காது எளிதில் கண்டுகொள்ளாது. ஒரே பெட்டி போதும் என்பது அதனால்தான். எல்லையை 80-க்கு அருகில் வைப்பதே சரி என்பேன். சிறிய ஒலிபெருக்கிகளால் அவ்வளவு கீழே இறங்க முடியாவிட்டால் 120 வரை போகலாம். அப்போது பெட்டியை இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்.

தாழ்வொலி போதவில்லை என்று பெரிய பெட்டி வாங்க ஓடுவது எனக்கு உடன்பாடில்லை. 4 மீட்டர் இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே 42.5 ஹெர்ட்ஸில் நிலையலை உண்டாகும். அறையின் நடுவே அதன் அழுத்த மாறுபாடு மிகக் குறைவு. சுவரோரம் மிக அதிகம். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்திக் கேளுங்கள், காசு செலவில்லை. பெட்டியின் பின்னால் 0, 180 என்று கட்டத்தை மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். பெட்டியும் ஒலிபெருக்கிகளும் எதிர்க்கட்டத்தில் அதிர்ந்தால், எல்லை அதிர்வெண்ணருகே ஒலியை ஒலியே அழித்துவிடும்.

ஒலியளவைக் கூட்டுவது கடைசி வழி. தாழ்வொலி சுவரை எளிதில் கடக்கும். அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிப்பவர் இருக்கக்கூடும்.