பிசிக்கலைக் கழித்தால் மிச்சம்?

'சைபர்-பிசிக்கல் சிஸ்டம்ஸ்'. பெயரைக் கேட்டதுமே அப்பாக்கள் செக் புத்தகத்தைத் தேடுகிறார்கள். விஷயம் ரொம்ப சிம்பிள். சென்சார் அளக்கும், கணினி கணக்குப் போடும், வால்வோ மோட்டாரோ அதன்படி இயங்கும். அமெரிக்காவின் ஹெலன் கில் 2006-ல் வைத்த பெயர். 2018-ல் மத்திய அரசு இதற்கென 3,660 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

சரி, எங்கே படிப்பது? ஏசி லேபில் எல்இடி பல்பை மினுக்கியா?

2015 ஜனவரி 31, விடிவதற்கு முன். ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் செத்தார்கள். தொட்டி எவ்வளவு நிரம்பியது, சுவர் எவ்வளவு தாங்கும் என்று அளந்து சொல்வதுதானே இந்தப் படிப்பின் முதல் பாடம்?

"சென்சார் சுவரைத் தாங்கிப் பிடிக்குமா?" என்பார்கள். பிடிக்காது. ஆனால் மணி அடித்தால் தூங்குகிறவன் எழுந்து ஓடுவான்.

திருப்பத்தூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும்தான் நிஜ லேப். அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு செமஸ்டராவது நிற்காதவருக்கு இந்தப் பட்டமே கொடுக்கக் கூடாது. கசடு நாற்றம் தெரியாத பட்டத்தில் பிசிக்கல் எங்கே இருக்கிறது? அதைக் கழித்தால் மிச்சம் வெறும் சைபர்தான் மக்களே!