கரண்ட் வைத்தால் முட்டி வலி போய்விடுமா?

"முட்டிச் சில்லைச் சுற்றி வலித்தால் அது தேய்மானம், பத்து நாள் கரண்ட் வைத்து, படி ஏறாமல் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்." வாதம் இவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: தேய்மானமா? இருபது வயதுப் பெண்ணின் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, ஆனால் படி இறங்கினால் வலிக்கிறது. எது தேய்ந்தது? அவளை ஒற்றைக் காலில் மெல்லப் படி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முட்டி உள்பக்கமாகச் சாயும், இடுப்பு மறுபக்கம் தொங்கும். பலருக்கு இப்படித்தான். படுக்க வைத்து மிஷினை மாட்டினால் இது கண்ணில் படுமா?

இரண்டு: கரண்ட் வைத்த அன்று வலி குறையலாம். வலி அடங்குவதும், அப்படிச் சாயாமல் காலைத் தாங்க வேண்டிய தசை வலுப்பெறுவதும் ஒன்றா? 2018இல் வெளிவந்த சர்வதேச வல்லுநர் கூட்டறிக்கை இந்த வலிக்கு மின்சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை. 2019இல் வந்த அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டி அல்ட்ராசவுண்டையும் லேசரையும் சேர்த்தே வேண்டாம் என்றது. இரண்டும் முன்வைப்பது இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்த பயிற்சியை. டேப் ஒட்டலாம், சில வாரங்களுக்கு, பயிற்சியோடு மட்டும்.

மூன்று: ஓய்வு. வலியைக் கிளறும் அளவைக் குறைப்பது வேறு, காலை முடக்குவது வேறு. முடங்கிய தொடை இளைக்கும். பிறகு அதே படியை எதைக் கொண்டு ஏறுவது?